இரண்டு விரல் இறங்கிய சிவப்புக் கார்

அந்த ஒர்க்‌ஷாப்புக்கு ஒரு முறையாவது போன் செய்தவர்களுக்கு அவளைத் தெரியும். முகம் தெரியாது, குரல் தெரியும். "சொல்லுங்க, வண்டிக்கு என்ன செய்யுது?" என்று வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லாதது போல் கேட்பாள். வாடிக்கையாளர்கள் அவளுக்கு வைத்த பெயர் போனக்கா.

போனக்காவுக்கு வயது நாற்பத்தொன்று. மோட்டார் மெக்கானிக் படிப்பு படித்தவள். வகுப்பில் இருந்த ஒரே பெண். நாற்பது பேரில் இரண்டாவதாகத் தேறியவள். சான்றிதழைக் கையில் பிடித்துக்கொண்டு அப்பாவின் ஒர்க்‌ஷாப்புக்கு ஓடி வந்தபோது, அப்பா ஒதுங்கி, அண்ணன் பொறுப்பேற்றிருந்தார்.

"போன் எடுக்க ஆள் இல்லை பாப்பா. ஒரே ஒரு மாசம் பாத்துக்க" என்றார் அண்ணன்.

அந்த ஒரு மாதம் பதினெட்டு வருடமாகியும் முடியவில்லை. கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் மேஜையும் போனும் அவளும். அந்தப் பக்கம் காரைத் தூக்கி நிறுத்தும் மூன்று லிஃப்டுகள், எண்ணெய் வாசனை, இரும்புச் சத்தம். வருடத்துக்கு ஒரு முறை அவள் வாயைத் திறந்து கேட்பாள். "அண்ணா, எனக்கு ஒரு லிஃப்ட் குடுங்களேன்." அண்ணன் சிரிப்பார். "உனக்கு எதுக்கு பாப்பா இந்த அழுக்கு?" என்பார். அன்பாகத்தான் சொல்வார். அந்த அன்புதான் அவள் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. திட்டியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பாள்.

ஆனால் பதினெட்டு வருடம் கார்களின் நோயைக் காதால் கேட்டவளுக்கு ஒரு வித்தை வந்திருந்தது. "திரும்பும்போது மட்டும் சத்தம் வருதா, நேராப் போனாலும் வருதா?" என்று இரண்டு கேள்வி கேட்டு, ஒரு சீட்டில் எழுதி அனுப்புவாள். தலைமை மெக்கானிக் அதைப் படித்துவிட்டு, "போன்லயே வைத்தியமா தாயே? ஊசியும் போட்டுட வேண்டியதுதானே!" என்று கத்துவார். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் அந்தச் சீட்டில் எழுதியதே கோளாறாக இருக்கும். அதைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள்.

தலைமை மெக்கானிக்குக்கு எல்லோரும் வைத்த பெயர் ரேடியோ. விழித்திருக்கும் நேரமெல்லாம் ஒலிபரப்பு. முப்பது வருட அனுபவம். கையில் ஸ்பானர் எடுத்தால் கண்ணை மூடிக்கொண்டே கழற்றி மாட்டுவார். அவர் சொன்னதற்கு அண்ணனிடம் மறுபேச்சு கிடையாது.

இப்படிப்பட்ட இடத்துக்குத்தான் அந்தச் சிவப்புக் கார் வந்தது.

அதன் சொந்தக்காரர் நகரப் பேருந்தில் முப்பது வருடம் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மறுமாதமே இரண்டே இருக்கை கொண்ட பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கிவிட்டார். வழுக்கைத் தலையும் தொப்பையுமாக அவர் அதிலிருந்து வெளியே வருவதே ஒரு காட்சி. முதலில் ஒரு கால், பிறகு ஒரு பெருமூச்சு, பிறகு மிச்ச ஆள்.

"முப்பது வருஷம் மாடியில உக்காந்த மாதிரி ஓட்டியாச்சும்மா" என்று போனக்காவிடம் சொன்னார். "இனிமே ரோட்டோட ரோடா உரசிக்கிட்டுப் போகணும். இன்னும் ரெண்டு விரல் இறக்கிக் குடுங்க."

அந்தத் தொழிலில் விரல் கணக்குதான். டயருக்கும் அதன் மேல் வளைவுக்கும் நடுவே எத்தனை விரல் நுழைகிறது என்று பார்ப்பார்கள். டிரைவரின் காரில் நான்கு விரல் நுழைந்தது. கட்டையான ஸ்பிரிங் நான்கு வரவழைத்து மாட்டினால் இரண்டு விரலாகிவிடும். ஸ்பிரிங் வந்தது. ரேடியோ மாட்டினார். கார் தரையோடு பதுங்கி, பாயப் போகும் புலிபோல் நின்றது. வேலை செய்தவர்களே கைதட்டினார்கள்.

டிரைவர் மட்டும் குனிந்து விரலை விட்டுப் பார்த்தார்.

"ரெண்டரை விரல் போகுதே?"

"யார் விரல் சார் அது?" என்றார் ரேடியோ. "உங்க விரல் வாழைப்பழம் மாதிரி இருக்கு. என் விரலை விட்டுப் பாருங்க. கொஞ்ச நாள் ஓடுனா மிச்சமும் தானா இறங்கிடும்."

எல்லோரும் சிரித்தார்கள். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. டிரைவரின் விரல் பருமன்தான். பருமனான விரலே இரண்டரை நுழைகிறதென்றால் இடைவெளி இன்னும் அதிகமல்லவா?

அடுத்த சனிக்கிழமை காலை டிரைவர் வந்தார். கம்பீரமெல்லாம் போய், முகம் தொங்கிப்போயிருந்தது.

"என் சம்சாரம் இறங்கிட்டாம்மா" என்றார்.

"எங்க இறங்குனாங்க?"

"ரெண்டாவது சிக்னல்ல. கதவைத் திறந்துக்கிட்டு இறங்கி, பின்னாடி வந்த பஸ்ல ஏறிப் போயிட்டா. நான் முப்பது வருஷம் ஓட்டுன அதே ரூட் பஸ்! ஒவ்வொரு மேட்டுலயும் 'டொக்கு டொக்கு'ன்னு இடுப்புல குத்துதாம். உங்க காருக்கு ஒரு கும்பிடுன்னு சொல்லிட்டா."

மேஜைமேல் கையை ஊன்றி நின்ற அந்த மனிதரின் கண்கள் கலங்கியிருந்தன. சிரிக்க வேண்டிய விஷயம்தானே என்று தோன்றலாம். அவர் அடுத்துச் சொன்னதைக் கேட்டால் யாருக்கும் சிரிப்பு வராது.

"கல்யாணமான புதுசுல தினம் என் பஸ்ல வருவாம்மா. பேசக் கூடாதுல்ல, டிரைவருக்குப் பின்னாடி சீட்ல உக்காந்து என் முதுகையே பாத்துக்கிட்டு வருவா. ஒருநாளாவது உங்க பக்கத்துல உக்காந்து போகணும்னு சொல்வா. அதுக்குத்தான் ரெண்டே ரெண்டு சீட்டு இருக்கற காரா வாங்குனேன்."

போனக்கா எழுந்துவிட்டாள்.

அதற்குள் அண்ணனும் ரேடியோவும் வந்தார்கள். "வண்டியை இறக்குனா குத்தத்தான் செய்யும்" என்று ரேடியோ கறாராகச் சொன்னார். "அழகு வேணும்னா இடுப்பைக் குடுக்கணும், இடுப்பு வேணும்னா அழகை விடணும். பழைய ஸ்பிரிங்கையே மாட்டிடலாம்."

"இறக்குனா கொஞ்சம் விறைப்பா இருக்கும். குத்தாது" என்றாள் போனக்கா.

லிஃப்டின் கீழ் வேலை செய்தவர் சுத்தியலை நிறுத்தினார்.

"என்ன பாப்பா?" என்றார் அண்ணன்.

"ஸ்பிரிங் பெட்டியில இருந்த தாள் என்கிட்ட இருக்கு. நாப்பது மில்லிமீட்டர் இறங்கணும்னு போட்டிருக்கு. மாட்டறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் நான் டேப் வச்சு அளந்துட்டேன். முப்பதுதான் இறங்கியிருக்கு. எதுவோ அதைக் கீழ வரவிடாமப் பிடிச்சு வச்சிருக்கு அண்ணா. அதுதான் குத்துது. எனக்கு நாளைக்கு ஒருநாள் குடுங்க. சரி பண்ணிடறேன்."

"ஏன் தாயே, முப்பது வருஷமா நான் என்ன பூப்பறிச்சுக்கிட்டா இருந்தேன்?" ரேடியோவின் குரல் உயர்ந்தது. "இவ கை வச்சா நான் நாளையிலேருந்து வரலை!"

அண்ணன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். வாடிக்கையாளர் எதிரில் நிற்கிறார், தலைமை மெக்கானிக் முறுக்கிக்கொண்டு நிற்கிறார். தங்கையின் கண்ணில் அவர் இதுவரை பார்க்காத ஏதோ ஒன்று எரிந்தது.

"நாளைக்கு லீவு. நீயே பாரு" என்றார் கடைசியில். "நாம வண்டியை ஓட்டிப் பாக்கற சுத்து முழுக்க அந்த அம்மா கார்லயே போய்ட்டு வந்து நல்லாருக்குன்னு சொன்னா, ரெண்டாவது லிஃப்ட் உனக்கு. நடுவுல இறங்கிட்டாங்கன்னா, இனி சாகறவரைக்கும் லிஃப்ட்டுன்னு என்கிட்ட கேக்கக் கூடாது. சரியா?"

பதினெட்டு வருட ஆசையை ஒரே தட்டில் வைத்துவிட்டார்.

"சரி" என்றாள் அவள். ஸ்பிரிங் பெட்டியின் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

வீட்டில் அவள் கணவர் முடிவெட்டும் கடைக்காரர். சாப்பிடும்போது அவள் தாளை விரித்து வைத்து விளக்கினாள். கார் குதிக்கும்போது உலோகத்தில் உலோகம் இடிக்காமல் தடுக்க, ஷாக் அப்சார்பரின் தண்டில் ஸ்டாப்பர் என்று ஒரு ரப்பர் உண்டு. காரை இறக்கினால் அந்த ரப்பர் இடிக்கும் இடத்துக்கு மிக அருகில் வந்துவிடும். அதனால் இருபது மில்லிமீட்டர் வெட்டி மாட்டச் சொல்லித் தாளில் படமே போட்டிருந்தது. ரேடியோ தாளைப் பார்க்கவேயில்லை. பெட்டிகள் போனக்காவின் மேஜைக்கு வரும், தாள் அவளிடமே தங்கிவிடும். எத்தனையோ முறை அவள் கொடுத்தனுப்பிய தாள்கள் அங்கே கை துடைக்கத்தான் பயன்பட்டன.

"வெட்டுற வேலையா?" என்றார் கணவர். "அப்போ எங்கிட்ட கேளு. முதல்ல கொஞ்சமா வெட்டு. அப்புறம் வேணா இன்னும் வெட்டிக்கலாம். ஒட்ட வைக்க முடியாது. இதைத் தெரிஞ்சுக்க நான் மூணு மாப்பிள்ளைங்களை அழ வச்சிருக்கேன்."

அவள் அன்று முதல் முறையாகச் சிரித்தாள்.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு ஒர்க்‌ஷாப்பின் ஷட்டரை அவளே தூக்கினாள். அண்ணன் வந்திருந்தார். வரமாட்டேன் என்ற ரேடியோவும் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து, நாற்காலி போட்டு, வேடிக்கை பார்க்க உட்கார்ந்தார்.

அவள் காரைத் தூக்கினாள். சக்கரங்களைக் கழற்றினாள். ஷாக் அப்சார்பரை வெளியே எடுத்து, ஸ்பிரிங்கைக் கருவியில் பூட்டி மெல்ல மெல்ல அழுத்தினாள். அழுத்திய ஸ்பிரிங் தவறி விடுபட்டால் எலும்பை உடைக்கும். அவள் நெற்றி வேர்வை மூக்கு நுனியில் நின்று சொட்டியது. ஸ்டாப்பரைப் பார்த்தாள். முழு நீளம், கை படாதது. தாளில் சொன்ன இடத்தில் கோடு போட்டு வெட்டினாள். ஒன்று, இரண்டு என நான்கையும். பகல் பன்னிரண்டு ஆனது.

"அவ்வளவுதானா?" என்றார் ரேடியோ. "ரப்பர் வெட்டுறதுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?"

"இன்னும் இருக்கு அண்ணே. வண்டி ஏன் முப்பதுதான் இறங்குச்சு?"

ரேடியோ நாற்காலியை லிஃப்டுக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அவள் சக்கரங்களை மாட்டிக் காரைத் தரையில் இறக்கினாள். அடியில் நின்று வேலை செய்யத் தரையில் வெட்டியிருந்த பள்ளத்தின் இரு பக்கமும் சக்கரங்கள் நிற்கும்படி காரைத் தள்ளி நிறுத்தச் சொன்னாள். பிறகு துணியில் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"ரெண்டு பேரும் ஏறி உள்ள உக்காருங்க."

"எதுக்கு?"

"டிரைவரும் அவர் சம்சாரமும் உக்கார்ற பாரம் வேணும். நீங்க ரெண்டு பேரும் சேர்ந்தா அந்தப் பாரம் இருப்பீங்க. என்ன, ரேடியோ அண்ணே கொஞ்சம் கூடவே இருப்பார்."

இஸ்திரி சட்டை கசங்க ரேடியோ முனகிக்கொண்டே ஏறினார். அண்ணன் ஸ்டீயரிங் பக்கம் அமர்ந்தார். முதலாளியும் தலைமை மெக்கானிக்கும் பொம்மைகள்போல் முழங்கால் மார்பில் இடிக்க அமர்ந்திருக்க, போனக்கா பள்ளத்துக்குள் இறங்கினாள். வாழ்க்கையில் அப்படியொரு காட்சியைக் காண அவளுக்குக் கொடுத்து வைத்திருந்தது!

சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கைகள் காரின் உடலோடு சேரும் இடத்தில் புஷ் என்ற ரப்பர் உருளைகள் இருக்கின்றன. ரேடியோ முப்பது வருடமாக, முதுகுக்குச் சௌகரியமென்று, கார் லிஃப்டில் இருக்கும்போதே, சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே, அங்குள்ள போல்ட்டுகளைக் கடைசி வரை முறுக்கிவிடுவார். ரப்பர் அந்தத் தொங்கும் நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். தரையில் இறக்கியதும் முறுக்கிக்கொண்டு, காரை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். உயரமான சாதாரணக் காரில் அது பெரிதாகத் தெரியாது. இறக்கிய காரில் முறுக்கு இன்னும் கூடும். காரைத் தாழவும் விடாது, நிம்மதியாக அசையவும் விடாது.

போனக்கா முதல் போல்ட்டில் ஸ்பானரை மாட்டினாள். இறுகிப் பிடித்திருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு முழு உடலையும் கொடுத்து இழுத்தாள். பதினெட்டு வருடக் கோபமும் அந்தக் கையில் வந்து சேர்ந்தது.

'டக்!'

"ஐயோ! என்னமோ கழண்டுடுச்சு!" என்று மேலிருந்து ரேடியோ அலறினார்.

"உக்காருங்க அண்ணே, அசையாதீங்க!"

இரண்டாவது, மூன்றாவது, நான்காவது. ஒவ்வொன்றாகத் தளரத் தளர, வெகுநேரம் அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டதுபோல் அந்தச் சிவப்புக் கார் மெல்லக் கீழே அமர்ந்தது. உள்ளே இருந்த இருவரும் அதைத் தங்கள் உடம்பிலேயே உணர்ந்தார்கள். அண்ணன் கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டிச் சக்கரத்தைப் பார்த்தார். பிறகு கையை நீட்டி விரலை விட்டார். சரியாக இரண்டு.

பாரத்தோடு கார் நின்ற அந்த நிலையிலேயே அவள் எல்லா போல்ட்டையும் அளவு காட்டும் ஸ்பானரால் முறுக்கினாள். பள்ளத்திலிருந்து ஏறி வந்தபோது ரேடியோ காரிலிருந்து இறங்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தைப் பார்க்க அவளுக்கே பாவமாக இருந்தது.

சக்கரங்களின் கோணம் பார்த்து முடிக்க நான்கு மணி. டிரைவர் மனைவியை அழைத்து வந்தார். ஒல்லியான அம்மாள். கையில் ஒரு தலையணை.

"இது எதுக்கும்மா?" என்றாள் போனக்கா.

"இடுப்புக்குத்தான். இவருக்காக வந்தேன். இறங்கணும்னு தோணுச்சுன்னா இறங்கிடுவேன், சொல்லிட்டேன்." பிறகு அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நீயா சரி பண்ணுனே? மூஞ்சியெல்லாம் கரி. சாப்டியா?"

சாப்பிடவில்லை என்பதே அப்போதுதான் போனக்காவுக்கு நினைவு வந்தது.

சுற்று இதுதான்: மார்க்கெட்டுக்குப் பின்னால் குண்டும் குழியுமான தெரு, அங்கிருந்து ரயில்வே கேட், பள்ளிக்கூடம் வழியாகத் திரும்பி வர வேண்டும். மொத்தம் இருபது நிமிடம். கார் கிளம்பியது.

இருபது நிமிடம் போயிற்று. கார் வரவில்லை.

"ட்ராஃபிக்கா இருக்கும்" என்றார் அண்ணன்.

நாற்பது நிமிடம். போனக்கா தெருமுனை வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். டிரைவருக்குப் போன் செய்யவும் வழியில்லை. வண்டி ஓட்டும்போது போனைத் தொடாத மனிதர், அது முப்பது வருட விரதம். ஒரு மணி நேரம் ஆனது. அண்ணன் அவள் முகத்தைப் பார்ப்பதைத் தவிர்த்தார். அந்த அம்மாள் எந்த சிக்னலில் இறங்கினாரோ? தலையணையை அணைத்துக்கொண்டு எந்த பஸ் நிறுத்தத்தில் நிற்கிறாரோ? இரண்டாவது லிஃப்ட் அவள் கண்ணெதிரே நின்றது. அதைப் பார்க்கத் தைரியமில்லாமல் தலையைக் குனிந்துகொண்டாள். பதினெட்டு வருடமும் போயிற்று, இனி இருக்கிற வருடங்களும் போயின என்று நினைத்தபோது, கரி படிந்த கன்னத்தில் கண்ணீர் ஒரு வெள்ளைக் கோடு இழுத்தது.

ஒன்றரை மணி நேரம் கழித்து போன் அடித்தது. அவள் எடுக்கவில்லை. கை வரவில்லை. அண்ணன் எடுத்து, ஒலிபெருக்கியை அழுத்தினார்.

"ஏம்மா, கரி மூஞ்சி இருக்காளா?" அந்த அம்மாளின் குரல்.

"இருக்கேம்மா. எங்க இருக்கீங்க? இறங்கிட்டீங்களா?"

"இறங்கறதா? அடுத்த ஊரும் தாண்டி ஏரிக்கரைக்கு வந்துட்டோம்! இவரு பள்ளிக்கூடத்துக்கிட்ட திரும்பணும்னாரு. நான்தான் விடலை. நேரா விடுங்கன்னுட்டேன்."

"குத்தலையாம்மா?"

"கேளு, ரயில்வே கேட்டுல இடுப்பு போயிடும்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். கேட்டைத் தாண்டிப் பள்ளிக்கூடமே வந்துடுச்சு, நான் இன்னும் பல்லைக் கடிச்சுக்கிட்டே இருக்கேன்! குழி இருக்கறது தெரியுது, மெத்தைன்னு சொல்ல மாட்டேன். ஆனா குத்தலை. தலையணையைப் பின்னாடி போட்டுட்டேன்." குரல் சற்றுத் தணிந்தது. "முப்பது வருஷமா இவரு ஓட்டும்போது முதுகைத்தான் பாத்திருக்கேன். இன்னிக்குத்தான் நிதானமா முகத்தைப் பாத்தேன். பாட்டு வேற பாடறாரும்மா, கேக்கத்தான் சகிக்கலை. எங்களுக்காகக் காத்திருக்காதீங்க. கடையைச் சாத்திட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடு."

போன் வைக்கப்பட்டது.

அண்ணன் ஒலிபெருக்கியை அணைத்தார். பிறகு தங்கையின் முன் வந்து நின்றார். "ஒரு மாசம்னு சொன்னேன்ல பாப்பா" என்றார். சுவரில் மாட்டியிருந்த ஸ்பானர் பெட்டியின் சாவியை எடுத்து அவள் கரிக் கையில் வைத்து மூடினார்.

போனக்கா அழுதாள். சிரித்தாள். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்தாள்.

ரேடியோ ஒரு பழைய டயர்மேல் உட்கார்ந்திருந்தார். "முப்பது வருஷமா எல்லா வண்டியையும் தொங்க விட்டே முறுக்கியிருக்கேன் தாயே" என்றார். அவ்வளவு மெல்லிய குரலில் அவர் பேசி யாரும் கேட்டதில்லை.

"நீங்க முறுக்குனது ஒண்ணாவது கழண்டு விழுந்திருக்கா அண்ணே? அந்தக் கை யாருக்கு வரும்?" அவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "இறக்குன வண்டி மட்டும் எத்தனை இருக்கும்?"

விரல் விட்டு எண்ணினார். "ஏழு."

"ஏழையும் கூப்பிடுவோம்."

திங்கள் காலை கூப்பிட்டார்கள். பத்து மணிக்கு முதலாவதாக ஒரு கறுப்புக் கார் வந்தது. அதன் சொந்தக்காரர் சந்தேகத்தோடு உள்ளே எட்டிப் பார்த்தார். "யார் சார் பாக்கப் போறது?"

"என் தங்கச்சி" என்றார் அண்ணன்.

"யாரு, போன் எடுப்பாங்களே, அவங்களா?"

"கார் பாக்கறவங்க" என்றார் அண்ணன், உரக்க, மூன்று லிஃப்டுக்கும் கேட்கும்படி. "சாவியைக் குடுத்துட்டுப் போங்க சார். சாயங்காலம் வீட்டுல எல்லாரையும் கூட்டிக்கிட்டு வாங்க. ஒரு சுத்துப் போய்ட்டு வந்து சொல்லுங்க."

இரண்டாவது லிஃப்ட் மெல்ல மேலே எழும்பியது. அதன் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தது ஒரு பெண்ணின் கை.